எல்லோருக்கும் தெரிந்த தப்பைத் தெரியாததுபோல் இருப்பதுதான் இரக்கமா?

ஜனவரி 8, காலை (வாசகர் கேள்வி)

எங்கள் சபையில் பாடகர் குழுவை நடத்துகிறேன். குழுவில் ஓர் இளைஞர் இருக்கிறார். அவருடைய சொந்த வாழ்க்கை சரியில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நீக்கிவிடுங்கள் என்கிறார்கள் சிலர். நியாயந்தீர்க்க நாம் யார் என்கிறார்கள் வேறு சிலர். இரக்கம் என்று சொல்லிக்கொண்டு சும்மா இருந்தால் பாவத்துக்கு உடந்தை ஆகிவிட மாட்டோமா?

ஜனவரி 8, இரவு

'மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்' என்ற மத்தேயு 7:1-ஐப் பிடித்துக்கொள்கிறவர்கள் அதே அதிகாரத்தில் 6-ஆம் வசனம் வரை வருவதே இல்லை. முத்துக்களைப் பன்றிகள் முன் போடாதே என்று அங்கே இருக்கிறது. எதிரே நிற்பது யார் என்று எடைபோடாமல் அதை எப்படிக் கடைப்பிடிப்பது? 5-ஆம் வசனமும் அப்படித்தான். உன் கண்ணில் உள்ள உத்திரத்தை எடு, அப்புறம் சகோதரன் கண்ணில் உள்ள துரும்பை எடுக்கலாம் என்கிறது. துரும்பே இல்லை என்று சொல்லச் சொல்லவில்லை. தப்பு தப்புதான். அதைக் கண்டுகொள்வதில் குற்றம் ஒன்றுமில்லை.

உங்கள் கேள்வியில் எனக்கு இடறுவது வேறு இடம். 'எல்லோருக்கும் தெரியும்' என்கிறீர்கள். எப்படித் தெரிந்தது? அவரே எழுந்து நின்று சொன்னாரா?

ஜனவரி 9

நேற்று கேட்டதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், கோபமாகக் கேட்டதுபோல் ஆகிவிட்டது.

நான் போகும் ஜெபக்குழுவில் ஒருவர் உண்டு. "பேர் வேண்டாம், ஆண்டவருக்குத் தெரியும்" என்றுதான் ஆரம்பிப்பார். அடுத்த வாக்கியத்திலேயே, "போன மாசம் வேலை போன நம்ம சகோதரி இருக்காங்களே, அவங்க வீட்டுக்காரருக்காக ஜெபிக்கணும், அந்தப் பழக்கத்தை விட முடியலையாம்" என்பார். கண்ணை மூடியிருந்தவர்கள் எல்லாரும் ஒரு நொடி கண்ணைத் திறந்து பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வார்கள். ஒருமுறை அந்தச் சகோதரியின் சொந்தத் தங்கையே அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்தார். ஜெபம் முடியும்வரை மடியில் இருந்த வேதாகமத்தின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். எல்லோரும் சத்தமாக ஆமென் சொன்னோம்.

அந்த மனிதரை யாரும் நியாயந்தீர்க்கவில்லை. கேட்டால் அவருக்காகப் பாரப்பட்டோம் என்றுதான் சொல்வோம். ஆனால் மறுநாள் அவருக்கு எதிரே வருகிறவர்கள் அத்தனை பேர் முகத்திலும் தீர்ப்பு எழுதியிருக்கும். அன்றாடக் கிறிஸ்தவ வாழ்க்கையில் நியாயத்தீர்ப்பு நடக்கிற இடம் பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். குற்றம்சாட்டப்பட்டவர் இல்லாத இடம்.

குற்றம் செய்த சகோதரனிடம் போய் 'நீயும் அவனும் தனித்திருக்கையில்' அதை உணர்த்தச் சொல்கிறது மத்தேயு 18:15. நமக்கு அதில் தனித்திருக்கையில் என்பதுதான் கஷ்டம். மற்றபடி குற்றத்தை உணர்த்த நாம் எப்போதும் தயார்.

ஜனவரி 9, சற்று நேரம் கழித்து

கத்தோலிக்க நண்பர் ஒருவர் நினைவூட்டியது. அவர்கள் மரபில் இரக்கச் செயல்கள் மொத்தம் 14. பசித்தவனுக்கு உணவு கொடுப்பது போன்றவை உடலுக்குரிய 7. ஆன்மாவுக்குரிய 7-இல் பாவம் செய்கிறவரைக் கண்டித்துத் திருத்துவது ஒன்று. தீங்கைப் பொறுமையோடு சகிப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே பட்டியலில் நிற்கின்றன. ஆகவே கண்டிப்பு வந்தால் இரக்கம் போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

ஜனவரி 11

கெட்ட குமாரன் கதையை (சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகனைத் தகப்பன் விருந்து வைத்து ஏற்றுக்கொண்ட கதை) இத்தனை வருஷம் கேட்டும் கவனிக்காத ஒன்று. இளையவன் தூரதேசத்தில் என்ன செய்தான் என்று கதை சொல்பவர் சொல்வது 'துன்மார்க்கமாய் ஜீவனம்பண்ணி' என்பதோடு சரி (லூக்கா 15:13). வேசிகள் என்ற பேச்சை முதலில் எடுப்பவன் மூத்தவன் (15:30). அவன் அந்தத் தேசத்துக்குப் போனதில்லை. தம்பியை இன்னும் பார்க்கக்கூட இல்லை, வீட்டுக்கு வெளியேதான் நிற்கிறான். ஊழியக்காரன் அவனிடம் சொன்னதும் தம்பி வந்தான், சுகமாய் வந்தான், கன்று அடித்தாயிற்று என்பது மட்டும்தான்.

அப்புறம் இந்த விவரம் எங்கிருந்து வந்தது? உண்மையாகவே இருந்திருக்கலாம், ஊர்வாயில் கேட்டிருக்கலாம், தானே சேர்த்திருக்கலாம். எப்படியானாலும் தகப்பன் அதை எடுத்துப் பேசவே இல்லை. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. மூத்தவனையும் 'மகனே' என்றுதான் கூப்பிடுகிறான், அவன்மேலும் பாய்வதில்லை.

'எல்லோருக்கும் தெரியும்' என்பதில் பாதி இப்படி வாசலில் நிற்கிறவர்கள் சேர்த்ததாக இருக்கும்.

ஜனவரி 12

ஒருவர் தனிமடலில்: "இதை வாசித்தபின் எங்கள் சபையில் இருக்கும் பரிசேயர்கள் யார் யார் என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது, ஸ்தோத்திரம்."

ஐயா, நான் அந்தப் பரிசேயனைப்போல் இல்லாததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்று மட்டும் இன்னும் சொல்லவில்லை நீங்கள். (லூக்கா 18:11-இல் பரிசேயன் ஆயக்காரனைப் பார்த்து ஜெபித்தது இப்படித்தான்.)

ஜனவரி 12, இரவு

மேலே உள்ளதைப் பார்த்து இன்னொருவர் பழைய துறவி அப்பா மோசேயின் கதையைக் கேட்டார் ('அப்பா' என்பது மூத்த துறவிகளை அழைக்கும் பெயர்). 4-ஆம் நூற்றாண்டு, எகிப்தில் ஸ்கேத்திஸ் என்ற வனாந்தரம். ஒரு துறவி தப்பு செய்துவிட்டார், விசாரிக்கக் கூட்டம் கூடுகிறது. முன்பு கொள்ளைக்காரராக இருந்த மோசே வர மாட்டேன் என்கிறார். ஆள் விட்டுக் கூப்பிடுகிறார்கள். ஓட்டை ஜாடியில் தண்ணீரை நிரப்பிச் சுமந்துகொண்டு வருகிறார். இது என்ன என்று கேட்டால், என் பாவங்கள் எனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டிருக்கின்றன, அவை என் கண்ணுக்குத் தெரிவதில்லை, நான் இன்னொருவனை விசாரிக்க வந்திருக்கிறேன் என்கிறார். கூட்டம் அந்தச் சகோதரனை மன்னித்துக் கலைந்தது. சில தொகுப்புகளில் ஜாடிக்குப் பதில் மணல் கூடை வரும். எனக்கு ஜாடிதான் பிடிக்கும், வந்து சேரும்போது காலியாக இருந்திருக்கும்.

ஜனவரி 15

மத்தேயு 18-இல் மன்னிக்காத வேலைக்காரன் கதை: ராஜா அவனுடைய 10,000 தாலந்து கடனைத் தள்ளுபடி செய்கிறார், அவனோ தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டிய சக வேலைக்காரனை விடுவதில்லை. இதில் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி, மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டக்காரன் பேசியது அதுதான். 10,000 தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை செய்தால் 2 லட்சம் வருஷம். 'கொடுத்துத் தீர்க்கிறேன்' என்று அந்த ஆள் ராஜாவிடம் சொன்னதைக் கேட்டு ராஜாவுக்குச் சிரிப்பு வராதது ஆச்சரியம்.

பிரசங்கங்களில் இங்கே ஒரு தவறு நடக்கும். சக வேலைக்காரன் தர வேண்டிய 100 வெள்ளிப்பணத்தை 'அற்பத்தொகை' என்று சொல்லிவிடுவார்கள். அற்பம் இல்லை. மூன்று நான்கு மாத உழைப்பு அது. யாராவது உங்கள் நான்கு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு திருப்பித் தராவிட்டால் தூக்கம் வராது. நம்மைப் புண்படுத்தியவர்கள் உண்டாக்கிய நஷ்டம் நிஜமான நஷ்டம் என்று கதையே ஒத்துக்கொள்கிறது. அதனால்தான் மன்னிப்பது வலிக்கிறது. ஒன்றுமில்லாததை யார் வேண்டுமானாலும் மன்னிப்பார்கள்.

நான் கடன்பட்ட பக்கத்தில் நின்றவன். ஒரு நெருக்கடியில் மாமா ஒருவரிடம் பெருந்தொகை வாங்கினேன். பாதிக்குமேல் திருப்ப முடியவில்லை. ஒருநாள் அவரே கூப்பிட்டு, "விடுப்பா, மீதியை மறந்துரு" என்றார். அழுதுவிட்டேன். நிஜமாகவே நல்ல மனிதர், இதை எழுதும்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்புறம் அது சாட்சி ஆனது. குடும்பக் கூட்டங்களில், வீட்டு ஜெபங்களில், கடைசியில் சபையிலும். "ஆண்டவர் எனக்கு மன்னித்தார், நான் இவனுக்கு மன்னித்தேன்" என்பார், என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு. தொகையையும் சொல்வார். எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நான் "ஆமா மாமா" என்று தலையாட்ட வேண்டும். கடனைத் தள்ளுபடி செய்துவிட்டு வட்டியை மட்டும் வசூலித்துக்கொண்டே இருந்தார் என்று தோன்றும். என் பிள்ளைகள் எதிரிலும் ஒருமுறை அது நடந்தது, அதற்குப் பிறகு அவர் வரும் விசேஷங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

இரக்கம் காட்டியவர்கள் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது இரக்கத்தில் சேர்த்தியா, அதற்கு மேற்பட்ட புண்ணியமா என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். சேர்த்திதான். பணத்தை விட்டுக்கொடுத்துவிட்டுக் கதையைக் கையில் வைத்திருந்தால் கணக்கு இன்னும் முடியவில்லை.

ஜனவரி 16

நியாயமான அடி ஒன்று விழுந்திருக்கிறது. "பேசாதே, மூடு, தனியாகப் பார்த்துக்கொள் என்று நீங்கள் சொல்வதைத்தான் எல்லா அட்டூழியக்காரர்களும் விரும்புவார்கள். அடிக்கிற புருஷனுக்கும் இதே இரக்கமா?" என்று ஒரு சகோதரி கேட்கிறார்.

அவர் கேட்டதும் எனக்கு இன்னொரு வனாந்தரக் கதை நினைவுக்கு வந்தது, மனசு அலைபாய்ந்தது. அப்பா அம்மோனாஸ் ஆயராக இருந்தவர். ஒரு துறவியின் அறையில் பெண் இருக்கிறாள் என்று கூட்டமாகப் போய் அவரையும் கூட அழைக்கிறார்கள். விஷயம் தெரிந்த துறவி அந்தப் பெண்ணைப் பெரிய பீப்பாய்க்குள் ஒளித்துவிடுகிறார். அம்மோனாஸ் உள்ளே வருகிறார், நிலைமை அவருக்குப் புரிந்துவிடுகிறது, நேராகப் போய் அந்தப் பீப்பாயின்மேல் உட்கார்ந்துகொண்டு "தேடுங்கள்" என்கிறார். யாருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்களை அனுப்பிவிட்டு, துறவியின் கையைப் பிடித்து, "சகோதரனே, எச்சரிக்கையாய் இரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை. ஆனால் பீப்பாய்க்குள் இருந்த பெண் விரும்பி வந்தவளா? கதை சொல்லவில்லை. வேறு மாதிரி இருந்திருந்தால் அம்மோனாஸ் உட்கார்ந்தது அவள் வாய்மேல்.

ஆகவே 9-ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராஜா தள்ளுபடி செய்தது ராஜாவின் பணம். அடுத்தவனுடைய கடனை அவர் மன்னிக்கவில்லை. அடிபட்டவள் ஒருத்தி, மன்னித்துவிடு என்று சொல்கிறவர் போதகர், இரக்கமுள்ளவர் என்ற பெயரும் போதகருக்கே. அவர் கையிலிருந்து ஒரு பைசா போகவில்லை. முழு நஷ்டமும் அவளுக்கு. இதை இரக்கம் என்று சொல்லாதீர்கள்.

அதே கதையில் 31-ஆம் வசனத்தைப் பாருங்கள். ஒருவன் தொண்டையை இன்னொருவன் நெரிப்பதைச் சக வேலைக்காரர்கள் பார்க்கிறார்கள், மிகவும் துக்கப்படுகிறார்கள், ராஜாவிடம் போய் நடந்ததையெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். அவர்களை யாரும் கோள்சொல்லிகள் என்று கண்டிக்கவில்லை. நெரிபடுகிறவனுக்காக, எதையாவது செய்யக்கூடியவரிடம் போய்ச் சொன்னார்கள். ஜெபக்குழு வட்டத்தில் சொல்லவில்லை. இன்று அது காவல்நிலையமாக இருந்தால் காவல்நிலையம்தான், மூப்பர் கூட்டம் போதாது.

ஜனவரி 16, இரவு

அந்தச் சகோதரி திரும்ப எழுதினார். "31-ஆம் வசனத்தை யாரும் எனக்குப் பிரசங்கித்ததில்லை. 22-ஆம் வசனத்தைத்தான் பிரசங்கித்தார்கள்." (ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொல்வது.) இதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஜனவரி 21

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். யார் கடுமையாகத் தீர்ப்பு சொல்கிறார்கள் என்று பார்த்தால் வேதத்தில் ஒரு விசித்திரம். தீர்க்கதரிசி நாத்தான் வந்து தாவீது ராஜாவிடம், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிய கதையைச் சொல்கிறார். தாவீது கொதித்துப்போய், அதைச் செய்தவன் மரணத்துக்குப் பாத்திரன் என்கிறான். ஆட்டைத் திருடினால் நியாயப்பிரமாணத்தில் தண்டனை நாலத்தனையாகத் திருப்பித் தருவதுதான் (யாத்திராகமம் 22:1). தாவீதுக்கு அதுவும் தெரியும், அடுத்த மூச்சில் அதையும் சொல்கிறான். ஆனால் முதலில் வாயில் வந்தது மரணம். உள்ளே உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்லவைத்த விஷயம் கிடந்து உறுத்தும்போது சட்டத்தைவிடச் சட்டமாகப் பேசத் தோன்றுகிறது.

யூதாவும் அப்படித்தான். மருமகள் தாமார் கர்ப்பம் என்று கேட்டதும் ஒரு வார்த்தை விசாரணை இல்லை, வெளியே கொண்டுவந்து சுட்டெரியுங்கள் என்கிறான் (ஆதியாகமம் 38:24). கர்ப்பத்துக்குக் காரணம் அவனேதான். தாமாரோ அவனுடைய முத்திரை மோதிரத்தையும் கோலையும் கையில் வைத்திருக்கிறாள். கூட்டத்தில் கத்தி அவன் பேரைச் சொல்லியிருக்கலாம். அதை அவனிடமே அனுப்பி, இவை யாருடையவை என்று பாரும் என்கிறாள். சாகப்போகிற நேரத்திலும் அவனுக்கு ஒரு வாசலை விட்டு வைக்கிறாள். அவனும் அந்த வாசலில் நுழைந்து, 'என்னிலும் அவள் நீதியுள்ளவள்' என்று ஒத்துக்கொள்கிறான்.

பாடகர் குழு நண்பரே, நீக்கச் சொல்லி ரொம்பச் சூடாக இருப்பவர் யார் என்று உங்களுக்கு இப்போது ஒரு யோசனை வரும். தயவுசெய்து அதையும் வெளியில் சொல்லாதீர்கள். அது இன்னொரு பீப்பாய்.

ஜனவரி 24

யோவான் 8-ஐ, விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசுவிடம் கொண்டுவந்த கதையை, ஏன் இன்னும் தொடவில்லை என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தெரிந்த கதை என்பதால்தான். இருந்தாலும் ஒரு செய்தி. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இந்தப் பகுதி கிடையாது. பின்னால் சேர்ந்தது என்பதே அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. ஆனால் பழைய திருச்சபையின் ஆயர் அகுஸ்தீன் வேறு காரணம் எழுதிவைத்திருக்கிறார். தங்கள் மனைவிகள் இதைக் கேட்டுப் பாவம் செய்யத் துணிந்துவிடுவார்களோ என்று பயந்த விசுவாசக் குறைவுள்ள சிலர் இதைப் பிரதிகளிலிருந்து நீக்கிவிட்டார்களாம். அவர் சொன்னது சரியோ தவறோ, அந்தப் பயம் அன்றே இருந்திருக்கிறது. இரக்கம் காட்டினால் கெட்டுப்போவார்கள். நம் முதல் கேள்வியும் ஏறக்குறைய அதுதானே.

லேவியராகமம் 20:10 இருவரையும் கொல்லச் சொல்கிறது. கையும் களவுமாய்ப் பிடித்தோம் என்கிறார்கள், பிடித்தது ஒருத்தியை. அந்த ஆள் எந்தச் சந்தில் ஓடினான், யாருக்கு வேண்டியவன்? நியாயத்துக்காக வந்தவர்களின் கையில் பாதி நியாயம்தான் இருந்தது.

'இனிப் பாவஞ்செய்யாதே' என்பதை இயேசு எப்போது சொல்கிறார் என்று பாருங்கள். கூட்டத்தில் சொல்லவில்லை, பெரியவர்கள் முதல் சிறியவர்கள் வரை எல்லாரும் போனபிறகு சொல்கிறார்.

ஜனவரி 25

யோசேப்பை விட்டுவிட்டேனே. மத்தேயு 1:19. மரியாள் கர்ப்பம் என்று தெரிந்ததும் நீதிமானாகிய யோசேப்பு அவளை அவமானப்படுத்த மனதில்லாமல், இரகசியமாய்த் தள்ளிவிட, அதாவது உறவை முறித்து விலக்கிவிட, யோசிக்கிறார். கர்ப்பம் தேவனால் ஆனது என்று சொல்லப்போகும் தூதன் இன்னும் வரவில்லை. கையில் இருந்த தகவலை வைத்து அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார், முடிவு தப்பு. ஆனால் அதை ஊரறியச் செய்யாததால் தப்பான முடிவால் யாருக்கும் காயம் இல்லை. மறுநாள் காலையில் மாற்றிக்கொள்ள முடிந்தது. ஊர்ப் பெரியவர்களைக் கூட்டியிருந்தால் தூதனே வந்தாலும் திரும்ப எடுப்பது கஷ்டம்.

நம் தீர்ப்புகளில் எத்தனை இப்படித் தகவல் குறைவால் தப்பானவையோ. வாயைத் திறக்காமல் இருந்தால் அவை நம்மோடு நின்றுபோகும்.

பிப்ரவரி 2

கேள்வி கேட்ட நண்பர் எழுதியிருக்கிறார். அந்த இளைஞரைத் தனியாகச் சந்தித்துப் பேசியிருக்கிறார். கேள்விப்பட்டதில் ஒரு பகுதி உண்மை, ஒரு பகுதி கட்டுக்கதை. உண்மையான பகுதியைப் பற்றிப் பேச்செடுத்ததும் அவர் கோபப்பட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த இரண்டு பயிற்சிகளுக்கும் வரவில்லை. போனை எடுப்பதில்லை. 'நீங்கள் சொன்னபடி செய்தேன், ஆளே போய்விட்டார், இப்போது என்ன?' என்று கேட்கிறார்.

ஆள் அப்படிப் போய்விடவும் கூடும். மத்தேயு 18:15 'அவன் உனக்குச் செவிகொடுத்தால்' என்று ஒரு நிபந்தனையோடுதான் பேசுகிறது. கொடுக்காமலும் போகலாம் என்று அர்த்தம்.

இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போவது (18:16) இப்போதைக்கு வேண்டாம். அவர் உங்களுக்கு எதிராக ஒன்றும் செய்யவில்லை, யாரையும் நெரிக்கவும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாலு பேராகப் போய் நின்றால் அது படையெடுப்பு. நீங்கள் மட்டும் ஒரு வரி அனுப்புங்கள், குழுவில் இடம் இருக்கிறது, அன்று பேசியதை யாரிடமும் சொல்லவில்லை என்று. இரண்டாவது பாதி உண்மையாக இருக்க வேண்டும்.

கட்டுக்கதையான பகுதியை மட்டும் நீங்கள் உடைக்கலாம், உடைக்க வேண்டும். யாராவது அதை உங்கள் காதில் போட்டால் "அது பொய், நான் விசாரித்தேன்" என்று அங்கேயே சொல்லுங்கள். மீதியைப் பற்றிக் கேட்டால் "அவரையே கேளுங்கள்" என்பதோடு நிறுத்துங்கள்.

ஏன் அவர் வரவில்லை என்று அடுத்த பயிற்சியில் கட்டாயம் கேட்பார்கள். "வரலை" என்று சொல்லுங்கள், போதும். பாட்டை ஆரம்பியுங்கள்.